எண்பத்து மூன்று காட்டிய விரல்

இது எந்தக் கிழமை நடந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்ததாக அம்மாவுக்கு ஒரு நினைவு. மகளைக் கேட்டால், நல்ல வெயில் என்கிறாள். இருவரில் யாருடைய நினைவு சரி என்று தெரியாது. கருவி காட்டிய எண்ணில் மட்டும் சந்தேகமில்லை. அது ஒரு நோட்டில் மூன்று முறை எழுதப்பட்டு, கீழே கையெழுத்தும் போடப்பட்டிருக்கிறது. எண்பத்து மூன்று.

கையெழுத்துப் போட்டவர் அந்த மகளின் அப்பா, முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதிப்பது, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் பறிமுதல் செய்வது. முப்பத்து நான்கு வருஷம் இதுதான் வேலை. தெருவில் அவருக்குப் பெயரே 'முத்திரை' என்றாகிவிட்டது. சோதிக்காத கருவியை நம்பக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அது காய்ச்சல் பார்க்கும் குச்சியானாலும் சரி, சுவர்க் கடிகாரமானாலும் சரி. மகள் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள். அஞ்சலகத்தில் பார்சல் கவுன்ட்டரில் இருக்கிறாள். காலையில் தன் தராசில் ஒரு கிலோ கல்லை வைத்துப் பார்க்காமல் முதல் பார்சலை வாங்கமாட்டாள். கூட வேலை செய்பவர்கள் அதைக் கிறுக்கு என்றார்கள். அவளுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி.

அந்த வாரம் அம்மாவுக்குக் கொரோனா வந்து, மூன்று நாள் காய்ச்சலில் முனகிவிட்டு எழுந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சலே வரவில்லை. இருமல்கூடப் பெயருக்குத்தான். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தார். பகலில் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ஒருமுறை மனைவியை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க எந்தக் கடை?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். எழுபத்தாறு வயதில் மனிதருக்குக் கிண்டல் வந்திருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துக்கடைக்குப் போய், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒன்றை வாங்கிவந்தாள். வயதானவர்களுக்கு நிமோனியா சத்தமில்லாமல் வரும், நுரையீரல் கெட்டுக்கொண்டே போகும், ஆள் என்னவோ உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், தொண்ணூறுக்குக் கீழே போனால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பாவின் விரல் எண்பத்து மூன்று காட்டியது. அவள் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். பெரியவர் சம்மதிக்காவிட்டால் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பெரியவர் சம்மதிக்கவில்லை.

"எனக்கு மூச்சு வாங்குதா? பேசிட்டுத்தானே இருக்கேன்? மனுஷன் நல்லா இருக்கேங்கறான், கருவி இல்லைங்குது. அது முத்திரை இல்லாத கருவி. நான் எதை நம்பணும்?"

வேறு வீடாக இருந்தால் இந்த இடத்தில் அழுதிருப்பார்கள், கத்தியிருப்பார்கள், காலில் விழுந்திருப்பார்கள். மகளோ ஒரு கணம், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று நினைத்தாள். அந்த ஒரு கணத்துக்காக அவள் பிறகு பல மாதங்கள் தன்னையே நொந்துகொண்டாள். அப்போது அவள் செய்தது, அளவுகளை எழுத நோட்டில் கோடு போட்டதுதான்.

சோதனை ஆரம்பமாயிற்று. முதல் வரியில் எண்பத்து மூன்று. கை சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும் என்றார் அப்பா. வெந்நீரில் பத்து நிமிஷம் கையை வைத்திருந்தார். எண்பத்து நான்கு. பேட்டரியை மாற்றினார்கள். எண்பத்து மூன்று. இடது கை, மோதிர விரல். எண்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் அவரே எழுதினார். எழுத்து வரியைவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போவதையும், நகங்கள் மையில் தோய்த்த மாதிரி இருப்பதையும் அவள் பார்த்தாள். ஆனால் பாதிச் சோதனையில் நிறுத்தினால் இந்த ஜன்மத்தில் அவரை அசைக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அடுத்து அம்மாவின் விரல்: தொண்ணூற்றாறு. மகளின் விரல்: தொண்ணூற்றெட்டு.

ஆளுக்கொரு எண் காட்டும் கருவியை எப்படி நம்புவது என்றார் அப்பா. தவிர, மூவரும் ஒரே வீட்டு ஆட்கள். இந்தச் சாட்சி செல்லாது. வெளியாள் வேண்டும்.

கீழ்வீட்டு மளிகைக் கடைக்காரர்தான் அகப்பட்டார். அவருடைய தராசை அப்பா தன் காலத்தில் இரண்டு முறை பறிமுதல் செய்திருக்கிறார். நோய் இருக்கும் வீடென்பதால் உள்ளே வரவில்லை. முகத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாடி வராந்தாவில் நின்றபடி ஜன்னல் கம்பிக்குள் ஒரு விரலை மட்டும் நீட்டினார். மகள் கருவியை ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினாள். தொண்ணூற்றேழு.

"முப்பது வருஷத்துல உங்க வாயால 'சரி'ன்னு ஒரு வார்த்தை வாங்கினதில்லைங்க," என்றார் கடைக்காரர். "இன்னைக்காவது எழுதிக் குடுங்க. கல்லு இல்லாட்டியும் விரலாவது சரியா இருக்கே."

"விரலை எடுய்யா முதல்ல," என்றார் அப்பா. ஆனால் அந்த மூன்று வார்த்தைக்கு நடுவில் இரண்டு முறை மூச்சை இழுத்துக்கொண்டார்.

மகள் நோட்டை மூடினாள். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, ஒரு கடைக்குப் போறீங்க. அவன் தராசுல மூணு கல்லு வைக்கிறீங்க. மூணுக்கும் சரியாக் காட்டுது. நாலாவது கல்லுக்கு மட்டும் குறையுது. திரும்பத் திரும்ப வச்சாலும் அதே குறைதான். எதைப் பறிமுதல் பண்ணுவீங்க?"

ஜன்னலுக்கு வெளியே கடைக்காரர் விரலை இழுத்துக்கொள்ள மறந்து நின்றார். அப்பா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறொருவருடைய கடையில் கிடந்த பொருளைப் பார்ப்பதுபோல.

"கல்லை," என்றார்.

பிறகு நோட்டை வாங்கி எழுதினார்: கல் ஒன்று. எடை குறைவு. பறிமுதல். கீழே கையெழுத்திட்டார். பறிமுதல் பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால், படியேறி வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் தலையெழுத்தே என்று அந்த நோட்டில் தன் பெயரைக் கிறுக்கினார். அதன் பிறகுதான் அப்பா எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில், இரண்டு நுரையீரலும் பனி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தன. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நர்ஸ் போனில் சொல்லி மகளுக்குத் தெரிந்தவை. அப்பாவுக்கு நினைவு தடுமாறியது. வார்டைச் சந்தை என்று நினைத்துக்கொண்டு, சுற்றி இருந்த இயந்திரங்களில் ஒன்றுக்குக்கூட முத்திரை இல்லை என்று சத்தம் போட்டார். ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். கையைக் கட்டிவைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, அந்த நர்ஸ் ஒரு துண்டு பிளாஸ்திரியில் பேனாவால் முத்திரை மாதிரி ஒரு வட்டம் போட்டு முகமூடியில் ஒட்டினாள். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் முகமூடியைப் பிடுங்கவே இல்லை.

குப்புறப் படுத்தால் மூச்சுக்கு நல்லது என்றார் டாக்டர். அப்பா முடியாது என்றார். கட்டிலின் ஒரு கால் குட்டையோ என்று சந்தேகமாக இருக்கிறது, மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை என்றாள் நர்ஸ். அவர் தானே புரண்டு படுத்துத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் கழித்து, எல்லாம் சமமாகத்தான் இருக்கிறது என்றார். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்றாள் அவள். இப்படிப் பன்னிரண்டு நாட்கள் அந்தக் கட்டில் சோதிக்கப்பட்டது.

இருபத்தொன்பதாவது நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். பதினோரு கிலோ குறைந்திருந்தார். சுவரைப் பிடிக்காமல் நடக்க இரண்டு மாதமாயிற்று. ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. மகள் சொன்னால், கதை விடுகிறாள் என்கிறார். உட்கார்ந்திருக்கும்போது தொண்ணூற்றிரண்டு காட்டுகிறது. படியேறினால் எண்பத்தெட்டு, அப்போது பாதிப் படியில் உட்கார்ந்துகொள்கிறார். அம்மா நன்றாக இருக்கிறாள், வாசனை மட்டும் இன்னும் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், டாக்டர் சொன்னபடியெல்லாம் நடந்தார். அவர் பதினெட்டாவது நாள் இறந்துபோனார். மளிகைக் கடைக்காரருக்கு அடுத்த வருஷம் கொரோனா வந்தது. தொண்ணூற்றொன்று காட்டியதுமே கடையைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஆறாம் நாள் திரும்பினார். நர்ஸ் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவள் போன் எண் மாறிவிட்டது. மகள் அதே கவுன்ட்டரில் இருக்கிறாள். கருவி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதன் முதுகில் அப்பா முத்திரை வைத்திருக்கிறார்.