ஐம்பத்தொன்றாவது மெஷின்

என் அக்கா புருஷன்தான் எனக்கு மேலதிகாரி. வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். இரண்டு இடத்திலும் வாய் ஓயாது.

கல்லூரி இடங்களை ஒதுக்கும் இணையதளத்தை நடத்துவது எங்கள் வேலை. புரோகிராம்கள் கன்டெய்னர் என்கிற தனித்தனி மென்பொருள் பெட்டிகளில் ஓடும். அந்தப் பெட்டிகள் கிளவுடில், அதாவது வேறொரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த மெஷின்களில் இருக்கும். முன்பெல்லாம் கன்டெய்னருக்குப் போகும் தகவலை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பினோம். "சுத்தி வளைச்ச வேலை எதுக்கு?" என்று அத்தான் அதைத் தூக்கி எறிந்தார். இனி எந்தத் தகவல் எந்த மெஷினுக்கு என்று வழி சொல்லும் கிளவுடின் சொந்தப் பட்டியலிலேயே, அந்த வழிப்பட்டியலிலேயே, மெஷினுக்கு ஒரு வரி. தகவல் நேரே போகும். நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஐம்பது வரிகளுக்குத்தான் இடம்.

"கூட்டம் வந்தா மெஷின் தானா பெருகும் அத்தான், ஐம்பதைத் தாண்டிடும். கிளவுட்காரங்களுக்கு ஒரு விண்ணப்பம் போட்டா நூறாக்கிக் கொடுப்பாங்க."

"நான் போய்க் கேட்கணுமா? கணக்குப் போடத் தெரியாதவன்னு சிரிப்பாங்க. போய் வேலையைப் பாரு."

அடேயப்பா, என்ன கௌரவம்!

ஒதுக்கீட்டு நாள், காலை பத்து மணி. முந்துகிறவர்களுக்கே இடம். பத்து ஐந்துக்கு மெஷின்கள் ஐம்பத்திரண்டு ஆகிவிட்டன. கடைசி இரண்டுக்கும் பட்டியலில் வரியில்லை. அங்கே கன்டெய்னர்கள் ஜம்மென்று ஓடின. யாரும் போய்ச் சேர முடியாது, அவ்வளவுதான். சுவர்த்திரையில் மட்டும் எல்லாம் பச்சை. கன்டெய்னர் நலமா என்று வெளியிலிருந்து பார்க்காமல், அது இருக்கும் மெஷினையே கேட்கும்படி வைத்தவரும் இந்த மகானுபாவர்தான்.

அப்போது அவர் மகள் போன் செய்தாள். கால்நடை மருத்துவம், கால்நடை மருத்துவம் என்று மூன்று வருஷமாக அதே பேச்சாக இருப்பவள்.

"அப்பா, பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு!"

"இங்க எல்லாம் பச்சையா இருக்கு, கண்ணு. உன் மோடம்தான் கோளாறு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"அத்தான், அந்த வழிப்பட்டியல்..." என்றேன்.

"நீ சும்மா இரு."

பாவம், நான்கு முறை ஆஃப் செய்து ஆன் செய்தாள். ஒருவரை ஒரு மெஷினுக்கு அனுப்பினால் அடுத்த முறையும் அதற்கே அனுப்பும் ஏற்பாடு எங்களுடையது; நான்கு முறையும் வழியில்லாத அதே மெஷின்தான். பத்து ஐம்பதுக்கு அவள் கேட்ட இடங்கள் தீர்ந்தன. மேலிடத்திலிருந்து திட்டு வந்த பிறகுதான் அத்தான் விண்ணப்பம் போட்டார். ஐந்தே நிமிஷத்தில் நூறு வரிகள் கிடைத்தன.

மதியம் மேலிடத்துக்கு அறிக்கை.

"எழுது. நூத்துக்கு நாலு பேருக்கு மட்டும் பாதிப்பு. காரணம், அவங்க வீட்டு இணைப்புல கோளாறு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே எழுதினேன். அந்த இரண்டு மெஷின்களில் மாட்டியவர்களின் பெயர்களையும் அச்சடித்து இணைத்தேன். ஏழாவது பெயரின் கீழே கோடு போட்டேன்.

"கையெழுத்து நீங்கதான் போடணும், சார்."

வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் போன் அடித்தது. கை தவறி ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"அப்பா," என்றாள் அவள், அழுது ஓய்ந்த குரலில். "நான்தான் மோடத்தைச் சரியா ஆஃப் பண்ணலையோ?"

"சொல்லுங்க அத்தான்," என்றேன்.

வாய் ஓயாத மனுஷன் பேனாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.