தோள் மண்ணில் படவில்லை

வீடியோ கேசட்டில் குப்புறக் கிடந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

பத்மாவதி பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். டோக்கியோவில் நடந்த சண்டை. விக்தர் என்ற அந்த ரஷ்யன், விழுந்தவனின் முதுகில் ஏறி, கழுத்துக்கு அடியில் கையை நுழைத்து இறுக்குகிறான். முகத்தில் கோபமே இல்லை. சட்டைக்குப் பொத்தான் போடுகிறவனின் நிதானம்தான். அப்புறம் ஸ்ட்ரெச்சர் வருகிறது.

"ஏனுங்க, இவனோடயா மோதப் போறீங்க?"

அவள் புருஷன் ஆறுச்சாமி சோற்றுத் தட்டிலிருந்து தலை தூக்காமல் சிரித்தான்.

"பயந்துபோட்டியா அம்மணி? குப்புறக் கெடந்தவன் எப்படித் தோத்தவன் ஆவான்? ரெண்டு தோளும் மண்ணுல படோணும். அதுதான் தோல்வி."

அது குஸ்தியின் சட்டம். இக்கட்டு வந்தால் ஆறுச்சாமி குப்புறப் படுத்துவிடுவான். எதிராளி புரட்டிப் புரட்டியே சலித்துப்போவான். காரமடையிலிருந்து கோபிசெட்டிபாளையம் வரை அவனை மல்லாத்திய ஆள் கிடையாது. கேசட்டில் விழுந்தவனும் குப்புறத்தான் கிடந்தான் என்பதுதான் பத்மாவதியின் பயம்.

மில் மெஷின் வியாபாரத்துக்காக ஜப்பான் போன கிருபாசங்கர், காசுக்குச் சண்டை காட்ட அங்கிருந்து பிடித்து வந்த ஆள் விக்தர். சோவியத் உடைந்த பிறகு ஊர் ஊராய்ப் போய்ச் சண்டை போட்டுப் பிழைக்கிறவன். அடி, உதை, பிடி, எதற்கும் தடையில்லாத சண்டை.

ஞாயிறு சாயங்காலம், பீளமேட்டுப் பழைய பஞ்சு குடோனில் கூட்டம் நெரிந்தது. கிருபாசங்கர் விதிகளைச் சொன்னான்.

"முடியலைன்னா தரையைத் தட்டுங்க. இல்லைன்னா உங்க ஆளு உள்ளே துண்டு போடோணும். விக்தர் உடனே விட்டுருவாரு."

"தோக்கறதுக்குமாங்க தட்டுவாங்க?" என்றான் ஆறுச்சாமி. "நாங்க தட்டுனா தொடையத்தானுங்க தட்டுவோம்!"

குடோனே சிரித்தது. பத்மாவதி சிரிக்கவில்லை.

துண்டு ஜாவித்திடம் இருந்தது. ஆறுச்சாமியோடு ஒரே கோதாவில் புரண்டவன்.

"தோளு பட்டா மட்டும் போடு," என்றான் ஆறுச்சாமி அவனிடம். "முன்னாடியே போட்டீன்னா என்ற ஊட்டுப் பக்கம் வந்துறாதே."

"எனக்கென்னங்கண்ணா, பைத்தியமா?"

மணி அடித்தது. எடுத்த எடுப்பில் ஆறுச்சாமி ரஷ்யனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சாய்த்தான். விசில் கூரையைப் பிளந்தது. அதே வேகத்தில் விக்தரின் கால்கள் அவனைப் பின்னிக்கொண்டன. இருவரும் உருண்டார்கள். ஆறுச்சாமி பழக்கப்படி சட்டென்று குப்புறப் படுத்தான்.

"அண்ணன் படுத்துட்டாரு! இனி கிரேன் வந்தாலும் அசையாதுடா!" ஜாவித் துள்ளினான்.

ரஷ்யன் முதுகில் ஏறினான். கை கழுத்துக்கு அடியில் நுழைந்தது. அதே பொத்தான் போடும் நிதானம். பத்மாவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

நடுவராக நின்றவர் பழைய குஸ்திக்காரர். தரையோடு தரையாகக் குனிந்து, தோள் படுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை அவர் பார்க்கவே இல்லை.

ஆறுச்சாமியின் கை மேலே எழுந்தது. தட்டுங்க, தட்டிருங்க என்று பத்மாவதி முணுமுணுத்தாள். கை இறங்கியது. தரையில் அல்ல, தன் தொடையில். பளீரென்று ஒரே தட்டு.

கூட்டம் வெறிபிடித்துக் கத்தியது. தட்டிய கை தொடையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. திரும்ப எழவில்லை.

விக்தர் தலையைத் திருப்பி ஜாவித்தைப் பார்த்து ஏதோ கத்தினான். அவன் பாஷை அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் பத்மாவதிக்குப் புரிந்தது. ஓடிப் போய் ஜாவித்தின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி உள்ளே வீசினாள்.

ரஷ்யன் அந்த நொடியே பிடியை விட்டான்.

முகத்தில் தண்ணீர் அடித்து உலுக்கிய பிறகுதான் ஆறுச்சாமிக்குக் கண் திறந்தது. குரல் கரகரத்தது.

"தோளு பட்டுதா?"

"இல்லீங்கண்ணா," என்றான் ஜாவித்.

"அப்புறம் துண்டை எவன் போட்டது?"

"நான்தானுங்க," என்றாள் பத்மாவதி.

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தள்ளாடி எழுந்து கிருபாசங்கரிடம் போனான்.

"மறுக்கா வெய்யுங்க. வர்ற ஞாயித்துக்கெழமையே. இந்தத் தடவை துண்டு வேண்டாமுங்க. ஊட்டுப் பொம்பளைகளும் வேண்டாம்."

கிருபாசங்கர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். விக்தர் ஆறுச்சாமியின் கழுத்தில் சிவந்து கிடந்த தடத்தைப் பார்த்தான். பிறகு பத்மாவதியைப் பார்த்தான். மாட்டேன் என்று தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

கிருபாசங்கர் மைக்கை எடுத்தான்.

"ஒத்துக்கிட்டாருங்க!"

"அவரு மாட்டேங்கறாருங்க!" என்று பத்மாவதி போட்ட கூச்சல் விசில் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.