கொஞ்சம் ஒரு மாதிரி

சலவைக்கூடத்தில் மூன்றாம் நம்பர் டிரையர் அவளுடையது. நாலு வருஷப் பழக்கம். அது மூச்சு விடுவதை வைத்தே துணி காய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். போன வாரம் அது லேசாக முனகியது. சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. அவள் கையில் இருந்த இங்கிலீஷ் வார்த்தையோ ஒன்றே ஒன்றுதான்.

"பிராப்ளம்!"

சூப்பர்வைசர் தலைதெறிக்க ஓடிவந்து முதல் காரியமாக மெஷினை நிறுத்தினார். மெக்கானிக் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மறுநாளும் இதே கூத்து. இன்னொரு தடவை இப்படிக் கத்தினால் மடிக்கிற மேஜைக்குத்தான் போகணும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அங்கே போனால் நாள் பூராவும் சுவரைப் பார்த்தபடி துணி மடிக்க வேண்டும்.

சாயங்காலம் நாத்தனாரிடம் அழாத குறையாகச் சொன்னாள். நாத்தனார் ஆபீஸ் வேலைக்குப் போகிறவள்.

"அண்ணி, நீங்க தும்மலுக்கே ஆம்புலன்ஸ் கூப்பிடுறீங்க. கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தா 'எ பிட் ஆஃப்'னு சொல்லணும். அதுக்கு ஒரு படி மேலன்னா 'கைண்டா வியர்ட்'. 'பிராப்ளம்' எல்லாம் கூரை பத்திக்கிட்டா சொல்றது."

"இப்படி முணுமுணுத்தா அந்த ஆளு காதுல ஏறுமாடி?"

"சொல்லித்தான் பாருங்களேன்."

அன்றைக்குச் சமையல் புருஷனுடைய முறை. சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "எ பிட் ஆஃப்" என்றாள்.

அவன் கரண்டியோடு ஓடிவந்தான். "உப்பு போட்டேனே! போடலையா?"

நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெஷின் மறுபடி முனகியது. சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"நம்பர் த்ரீ... எ பிட் ஆஃப்."

அவர் ஓடவில்லை. காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல், ஆடி அசைந்து அவள் பின்னால் வந்தார். இந்த முறை மெஷினை நிறுத்தவும் இல்லை. ஓடுகிற மெஷின்மேல் காதை வைத்தார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சூடேறி ஓடும்போது மட்டும் முனகுகிற மெஷினை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தால் எந்த மெக்கானிக்குக்குத்தான் என்ன கேட்கும்?

ஒரு நிமிஷம் கேட்டார். அவர் முகம் மாறியது.

"பிராப்ளம்!" என்று அலறிக்கொண்டு சுவிட்சைப் பிடுங்காத குறையாக அணைத்தார். கோப்பை உருண்டது. காபி அவர் சட்டை முழுக்க.

உள்ளே டிரம்மைச் சுழலவைக்கிற பேரிங் தேய்ந்து உடையப் போகிற நிலையில் இருந்ததாம். மதியத்துக்குள் மாற்றினார்கள். மடிக்கிற மேஜைப் பேச்சையே அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, உன் பாடத்தை மொதல்ல எங்க சூப்பர்வைசருக்கு எடு. பாவம், தும்மலுக்கே ஆம்புலன்ஸ் கூப்பிடுறாரு."