எலுமிச்சம்பழம் ஏறாத கார்

விக்னராஜா பழைய கார் ஒன்று வாங்கிவிட்டார் என்ற செய்தி இத்தாலியின் பலேர்மோத் தமிழர் எல்லாருக்கும் போய்ச் சேர ஒரு நாள் எடுத்தது. அந்தக் கார் ஓடாது என்ற செய்திக்கு அரை நாள் போதுமாக இருந்தது.

ஓடாதுதான். விக்னராஜாவே அதை மறுக்கவில்லை. ஐம்பத்தேழு வயதில், முழங்கால் இரண்டும் தேய்ந்தபிறகு, தன்னைவிட ஐந்து வயது மூத்த காரை வாங்குகிற மனிதனிடம் வேறென்ன புத்தியை எதிர்பார்க்கிறீர்கள்?

பத்தொன்பது வருடமாக அவர் வீட்டு வேலை செய்த வழக்கறிஞரின் நிலக்கீழ் அறையில் அந்தக் கார் துணி போர்த்தி நின்றது. 1962ஆம் ஆண்டுப் பியற். பலேர்மோச் சனம் அதை மில்லெச்சென்தோ என்று சொல்லும், ஆயிரத்து நூறு என்று அர்த்தம். முன்னுக்கு ஒரே நீளச் சீற், ஸ்ரியறிங்கோடு ஒட்டின கியர். வெள்ளிக்கிழமைகளில் அதற்குத் தூசி தட்டுவது விக்னராஜாவின் வேலை. தட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. கண்ணாடி துடைக்கிற சாட்டில் கதவைத் திறந்து உள்ளே ஏறி அரை மணித்தியாலம் இருப்பார். வாயால் ஹோர்னும் அடித்திருக்கிறார். ஒருமுறை வழக்கறிஞர் படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு மேலே போனார். அந்த வெட்கம் விக்னராஜாவுக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கிழவர் கண்ணை மூடியபிறகு, மிலானோவிலிருந்து வந்த மகள், "விக்கி, இதை இரும்புக்குப் போடப்போகிறேன், உனக்கு வேணுமா?" என்று கேட்டாள். வேணுமாவாம்! ஓமென்பதை இத்தாலியனில் அவர் "சீ, சிஞ்ஞோரா!" என்று கத்திய கத்தில் அவள் ஓரடி பின்னால் போய்விட்டாள்.

இந்தப் பைத்தியத்துக்கு மூலகாரணம் ஒரு கலியாணம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்ற சாமானைக் கண்ணால் காணமுடியாத காலம். கார்கள் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. தாலி கட்டி முடிந்து வருகிற வழியில், பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றிய வாடகைக் கார் நடுச் சந்தியில் நின்றுவிட்டது. சாரதி இறங்கித் தள்ளினார். மாப்பிள்ளை விக்னராஜா பட்டுவேட்டியோடு இறங்கித் தள்ளினார். கார் அசையவில்லை. புதுப்பொம்பிளை நாகபூசணி கூறைச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் பின்னுக்குக் கை வைத்தாள். உடனே ஓடிற்று! சந்தியில் நின்ற சனம் முழுதும் கைதட்டிச் சிரித்தது. அன்று பின்னேரமே விக்னராஜா வாக்குக் கொடுத்தார்.

"இஞ்சாரும், ஒருநாளைக்கு என்ர சொந்தக் காரில, முன் சீற்றில உம்மை இருத்தி, கால் நிலத்தில படாமல் கூட்டிக்கொண்டு போவன். பாரும்."

நாகபூசணி அதை நம்பினாளோ தெரியாது, விக்னராஜா நம்பிவிட்டார். அதற்குப் பிறகு முப்பது வருடம் அவளைப் பேருந்தில் கூட்டிப்போனார், நடத்திக் கூட்டிப்போனார், மழைக்குள் ஸ்கூட்டரின் பின்னால் இருத்தி மொண்டெல்லோவில் அவள் வேலை செய்த உணவகத்தில் இறக்கிவிட்டார். சாரதி அனுமதிப்பத்திர எழுத்துப் பரீட்சையில் நாலு தரம் கோட்டை விட்டு, ஐந்தாம் தரம் பாஸ் பண்ணினார். இவ்வளவுக்கும் ஒரு கார் வாங்குவது அவரால் முடியாததில்லை. ஆனால் மனிதருக்கு அந்தக் கலியாணக் கார் மாதிரி உருண்டை நெற்றியுள்ள பழைய கார்தான் வேண்டும். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க.

வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், தொத்தோ என்ற ஓய்வுபெற்ற மெக்கானிக்கின் கறாச்சில் கார் பதினான்கு மாதம் கிடந்தது. தொத்தோ கதிரையில் இருந்து சொல்வார், விக்னராஜா கீழே கிடந்து செய்வார். முதல் இரண்டு மாதமும் கழற்றினார். கழற்றுவதற்கு அவருக்குப் பிறவியிலேயே ஒரு கைராசி இருந்தது. திருப்பிப் பூட்டுவதற்குத்தான் மற்றப் பன்னிரண்டு மாதமும். எல்லாம் பூட்டி முடித்தபோது தயிர்க் கோப்பைக்குள் ஏழு ஆணியும் ஒரு ஸ்பிரிங்கும் மிஞ்சின. தொத்தோ கோப்பையைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நிறம் தெரிய விக்னராஜா மூன்று கிழமை யோசித்து, இளம்பச்சை அடித்தார். மகள் சிவானுஜா வந்து ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"மாதொன்னா! அப்பா, இது பிஸ்தாக்கியோ ஜெலாத்தோ மாதிரியெல்லே இருக்கு."

இருந்தது. அவள் சொன்னபிறகு அவருக்கும் அது பிஸ்தா ஐஸ்கிறீமாகவே தெரிந்தது.

நாகபூசணி மட்டும் ஒருநாளும் கறாச்சுப் பக்கம் வரவில்லை. கிறீஸ் பிடித்த சேர்ட்டுகளை வேறாகத் தோய்த்துக் காயப்போட்டாள், அவ்வளவுதான். அவளுக்குக் கோபம் என்று விக்னராஜா நினைத்துக்கொண்டார். பதினோராம் மாதம் எஞ்சின் அசைய மறுத்து, தொத்தோவும் கையை விரித்தபோது, அவர் வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "நான் ஒண்டுக்கும் உதவாதவன்" என்று சொன்னார். அவள் எழும்பிப் போய்ச் சாமிப் படத்தடியில் விளக்குக் கொளுத்தினாள்.

நாலாம் நாள் மனிதர் எழும்பினார். பதினான்காம் மாதம் எஞ்சினும் எழும்பியது. விக்னராஜா சத்தம் வைத்து அழுதார். தொத்தோ தன் கதிரையோடு தள்ளி இருந்து புகைக்கு இருமினார்.

வீட்டுக்கு ஓடிவந்து, "ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போறம்!" என்றார். மலை என்றால் மொந்தே பெல்லெக்ரினோதான். உச்சிக் குகையில் பலேர்மோவைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியா இருக்கிறாள். சைவமென்றும் கிறிஸ்தவமென்றும் பாராமல் தமிழ்ச்சனம் முழுதும் ஞாயிறு தோறும் ஏறுகிற மலை. "முன் சீற்றில நீர். பக்கத்தில நான்."

நாகபூசணி பருப்பைத் துழாவிக்கொண்டு நின்றாள். "நான் காரில வரமாட்டன்."

"ஏனப்பா?"

"நடந்து வாறனெண்டு நேந்திட்டன். வெறுங்காலோட."

"என்னத்துக்கு நேந்தனீர்?"

"கார் ஓடவேணுமெண்டு."

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைகிற சத்தம் விக்னராஜாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கார் ஓடினால் நடந்து வாறனெண்டு ஆராவது நேருவினமோ? மூளையுள்ள சனம் காரில வாறனெண்டெல்லே நேரும்!"

"சுகமானதை நேந்தால் அது நேர்த்தியோ? நல்ல கதை. ஏறேக்க நடக்கிறன். இறங்கேக்க வேணுமெண்டால் காரில வாறன்."

புத்தியுள்ளவன் இதற்கு ஓமென்று சொல்லி, மேலே போய்க் காத்திருப்பான். விக்னராஜா, அவள் நடக்க நடக்கப் பின்னாலேயே காரில் வருவதென்று முடிவெடுத்தார். மனைவியைத் தனியே விடலாமா? கார் நாலு பேர் கண்ணில் படவும் வேண்டுமே. "மலையில் ஆமை மாதிரிப் போகாதே, இந்த எஞ்சினுக்குக் காற்று வேண்டும்" என்று தொத்தோ படித்துப் படித்துச் சொன்னார். விக்னராஜா தலையை ஆட்டினார்.

ஞாயிறு காலை ஏழு ஐந்துக்கு நல்ல நேரம். பக்கத்து வீட்டுப் பெனடிக்ற்றும் மனைவி விமலராணியும் மலைக்குப் போகிற வழியில் பார்க்க வந்திருந்தார்கள். விக்னராஜா காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், தேங்காய் உடைத்தார். நாகபூசணி இரண்டு நாளாகக் கார்னேஷன் பூவில் கோத்த மாலை, கைமொத்தம். அதை முன் கிறில் முழுதும் மூடும்படி இரண்டு மடிப்பாகக் கட்டினார். பிறகு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஊரிலென்றால் அது ஒரு நெல்லிக்காய்க்குக் கொஞ்சம் பெரிது, நசிந்துவிடும். சிசிலி எலுமிச்சம்பழம் பொல்லாத சாதி, ஒவ்வொன்றும் கைமுட்டியளவு, தோலே ஒரு விரல் தடிப்பு. கார் முன்னால் உன்னியது. பழத்தில் முட்டியது. நின்றுவிட்டது.

மூன்று தரம் ஸ்ராட் பண்ணினார். மூன்று தரமும் எலுமிச்சம்பழம்தான் வென்றது.

"அண்ணை, எலுமிச்சம்பழம் ஏறாத கார் மலை ஏறுமோ?" என்றார் பெனடிக்ற். விமலராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாகபூசணி குனிந்து பழங்களை எடுத்துக் காருக்குள் போட்டுவிட்டு, சிரிக்காமல், "இப்ப எடுங்கோ" என்றாள்.

படிப்பாதை முழங்காலுக்குக் கூடாதென்று அவள் கார்ப்பாதையாலேயே நடந்தாள். முன்னால் செருப்பில்லாத நாகபூசணி, பின்னால் முதலாம் கியரில் பிஸ்தாப்பச்சைக் கார். சைக்கிள்காரர் முந்தினார்கள். பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் முந்தினாள். உல்லாசப் பயணிகளின் பஸ் ஒன்று பின்னால் நின்று ஹோர்ன் அடித்துச் சலித்து, சாரதி தலையை வெளியே நீட்டி விக்னராஜாவின் முன்னோர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்தான். பெனடிக்ற் நடந்துவந்து ஜன்னலருகே குனிந்து, "சுகமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு அவரும் முந்திப் போனார்.

மூன்றாம் வளைவில் நல்ல மணம் ஒன்று வந்தது. பூ அவிகிற மணம். அடுத்த நிமிடம் மாலைக்குள்ளாலே புஸ்ஸென்று ஆவி கிளம்பி, விக்னராஜாவுக்கு முன்னால் மலையும் தெரியவில்லை, மனைவியும் தெரியவில்லை. கார் ஒருதரம் குலுங்கி நின்றது.

பெனடிக்ற் ஓடிவந்து பொனற்றைத் திறந்தார். "அண்ணை, ரேடியேற்றரை மூடியெல்லே மாலை கட்டியிருக்கிறியள்! மூச்சு எங்காலை வரும்? கழட்டுங்கோ."

"கழட்டமாட்டன். அது அவ கோத்தது."

பெனடிக்ற் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, விமலராணியையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். விக்னராஜா வீதியோரக் கற்சுவரில் குந்தினார். பதினான்கு மாத வேலையைப் பன்னிரண்டு முழப் பூவால் மூச்சடைக்க வைத்த மகா மெக்கானிக்! குரங்கு கையில் பூமாலை என்று முன்னோர் தன்னை நினைத்துத்தான் சொல்லியிருக்கவேண்டும். சிரிப்பு வரும் என்று பார்த்தார், வரவில்லை. முப்பது வருடம் கழித்தும் கார் நிற்கிறது, அவள் நடக்கிறாள்.

நேர்த்திக்குப் போகிறவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. நாகபூசணி திரும்பிப் பார்த்தது மட்டுமில்லை, இறங்கியும் வந்தாள்.

"போம், போம். உம்மட நேர்த்தி முறியப்போகுது" என்றார்.

"என்ன, கார் சரியில்லையோ?"

"கார் சரிதான். நான்தான் சரியில்லை. உமக்கு ஒரு சீற் தரேலாத மனுசன்."

அவள் பக்கத்தில் இருந்தாள். பாதம் இரண்டும் கறுத்து, ஒரு குதிக்காலில் கீறலும் இருந்தது.

"நான் உங்களிட்டைச் சீற் கேட்டனானோ? ஒருநாளாவது கேட்டனானோ?" குரல் உயர்ந்து பிறகு தணிந்தது. "நான் காருக்கு நேரேல்லை. நீங்கள் மூண்டு நாள் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனீங்கள். இந்த மனுசனை எழுப்பித் தா தாயே, நடந்து வாறனெண்டுதான் கேட்டனான். எனக்குச் சரியான பயமாக் கிடந்தது. உங்களுக்குச் சொன்னால் பகிடி பண்ணுவியளெண்டு கார் எண்டு சொன்னனான்."

விக்னராஜாவுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் எழும்பிப் போய் மாலையை அவிழ்த்தார். வெந்திருந்தாலும் பாதிப் பூ நல்லாக இருந்தது. கைப்பிறேக்கை இழுத்தார். அதில் தன் கைவேலையும் இருப்பது ஞாபகம் வரவே, காலையில் நசியாத எலுமிச்சம்பழங்களை எடுத்துப் பின் சக்கரங்களுக்கு அடை வைத்தார். இந்தக் கார் அதைத் தாண்டாது என்பதில் அவருக்குப் பூரண நம்பிக்கை இருந்தது.

பிறகு சப்பாத்தைக் கழற்றினார். இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து. வைக்க வேறு இடமில்லாமல் முன் சீற்றில் வைத்தார். முப்பது வருடம் பொத்திக் காத்த அந்த இடத்தில் முதன்முதலாக ஏறி இருந்தது ஒரு சோடிச் சப்பாத்து.

"உங்களுக்கு ஆர் நேரச் சொன்னது?" என்றாள் நாகபூசணி.

"நீர் எழுப்பக் கேட்டனீர். எழும்பினவன் நடக்கத்தானே வேணும்."

மிச்ச மலையை ஏற ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு கல்லுக்கும் அவர் "ஐயோ" என்றார். பாதி வழி அவள் தோளில் பிடித்துக்கொண்டு வந்தார். குகைக்குள் ரொசாலியாவின் கண்ணாடிப் பெட்டியடியில் அவிந்த மாலையை வைத்துவிட்டு, என்ன கேட்பதென்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை. "பெரிய உபகாரம், அம்மா" என்று மட்டும் சொன்னார்.

இறங்கி வந்தபோது கார் வைத்த இடத்திலேயே நின்றது. எலுமிச்சம்பழங்கள் கைவிடவில்லை. ரேடியேற்றர் ஆறியிருந்தது. போத்தல் தண்ணியை ஊற்றிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. மேலே இருந்து வந்த பெனடிக்ற்கூட நின்று பார்த்தார்.

விக்னராஜா சுற்றி ஓடிவந்து, சப்பாத்தை எடுத்துப் பின்னால் எறிந்துவிட்டு, கைலேஞ்சியால் சீற்றைத் துடைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகபூசணி கதவடியில் வந்து நின்று காரை முன்னும் பின்னும் பார்த்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"ஏறட்டோ, இல்லாட்டில் தள்ளட்டோ?"

விக்னராஜாவுக்குக் கண் மறைத்தது. "ஏறும்" என்று கதவை இன்னும் அகலத் திறந்தார். அவள் ஏறி இருந்து, கறுத்த பாதங்களை உள்ளே எடுத்துக்கொண்டாள். அவர் கதவைச் சாத்தினார்.