மூன்றாவது பாட்டில் ஓர் இடம்

“மீட்டர் முள்ளு ரெண்டும் சிவப்புல போய் முட்டிக்கிட்டு நிக்குதுண்ணே. ரெக்கார்டுல ஏதோ கோளாறு.”

“கோளாறு ஒண்ணும் இல்லலா. வெள்ளக்காரன் கத்துறான், அவ்ளோதான். கொஞ்சம் கொறச்சு வை.”

“என்னா கத்துறான்னு ஒரு நிமிசம் போட்டுப் பாக்கட்டுமா?”

“அதுக்கு வெளிய இருக்கிற ஸ்பீக்கர நிறுத்தணும். ஒரு நிமிசம் நம்ம கடை ஊமையா இருந்தா, எதிர்த்தாப்ல கடைக்காரன் நான் செத்துட்டேன்னு நெனச்சு மாலை வாங்கிட்டு வந்துருவான். வேலையப் பாரு. முடிய வேற வெட்டு. அந்த ரெக்கார்டு அட்டையில நிக்கிறவனுங்களுக்கு அஞ்சாவது ஆளு மாதிரி இருக்க.”

முதலாளி கன்னையா இதைச் சொல்லிவிட்டு முன்பக்கம் போனார். ராதாகிருஷ்ணன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தான். மழையில் நனைந்த ஒரு பஸ் ஸ்டாப்பில் நான்கு பேர் நின்றார்கள். மூன்று பேர் பஸ் வரும் திக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, நாலாமவன் மட்டும் பஸ்ஸை மறந்துவிட்டு இவனைப் பார்த்தான்.

அது எழுபத்தேழாம் வருஷம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து ரெக்கார்டைக் கொண்டுவந்து கொடுத்து கேசட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏற்றும் வேலை ராதாகிருஷ்ணனுடையது. கடையில் இருந்த ஒரே ஆம்ப்ளிஃபயர் வாசல் ஸ்பீக்கருக்குச் சொந்தம். அதில் காலை முதல் சாயங்காலம்வரை தமிழ்ப் பாட்டு. உள்ளே ரெக்கார்டு சுற்றும், கேசட் ஓடும், ஆனால் சத்தம் வராது. ஹெட்போன் போன தீபாவளியோடு போயிற்று. மீட்டரில் இரண்டு முள் ஏறி இறங்குவதைப் பார்த்தே அவன் வேலை செய்தான். மூன்று வருஷத்தில் முள்ளைப் பார்த்தே டூயட்டா, தாலாட்டா, சோகமா என்று சொல்லிவிடும் அளவுக்குப் பழகியிருந்தான்.

இந்த ரெக்கார்டுதான் அவனை ஏமாற்றியது. முதல் பாட்டில் ஒரு நிமிஷம்வரை முள் இரண்டும் செத்ததுபோல் கிடந்தன. கேபிள் கழன்றுவிட்டதோ என்று அவன் குனிந்தபோது ஒரே துள்ளலில் சிவப்புக்குப் போயின. பிறகு ஒன்று தூங்க, மற்றது தனியாக நடுங்கியது. இப்படி ஒரு பாட்டை அவன் பார்த்ததே இல்லை.

ரெக்கார்டைக் கொண்டுவந்தவள் மார்க்கிரட். கிள்ளான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சிலோன்காரர்கள் வீட்டுத் தமிழ். “அண்ணா இங்கிலாந்திலிருந்து அனுப்பினவர். இவையள் போட்ட முதல் எல்பியாம். உறையில ‘முதல்லயிருந்து கேள்’ எண்டு மட்டும் எழுதியிருக்கிறார். எங்கட வீட்டு பிளேயர் செத்தது அவருக்குத் தெரியாது. ரெண்டு மாசமா அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன்” என்று சிரித்தாள். அண்ணன் போய் மூன்று வருஷமாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும், அதில் கையெழுத்து மட்டும்தான் இருக்கும் என்றாள்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டபோது ராதாகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஊசி ரெக்கார்டைத் தொடும் இடத்தில் எறும்பு பேசுவதுபோல் ஒரு சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும். குனிந்து காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனான்.

கேட்டது.

மிகச் சின்னதாக, மிகத் தொலைவில். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூடிய ஒரு வீட்டுக்குள் நான்கு பேர் உயிரை விட்டு வாசிப்பது போல. வாசலில் முழங்கிய கல்யாணப் பாட்டுக்கு அடியில் அந்தத் தொலைவுச் சத்தம் அறுந்துவிடாமல் வந்துகொண்டே இருந்தது. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் மற்ற எல்லாரும் ஓய்ந்துவிட, ஒரு குரல் மட்டும் தனியாக மேலே ஏறியது. எதை அப்படிக் கூப்பிடுகிறான்? ராதாகிருஷ்ணன் இன்னும் ஒரு விரற்கடை குனிந்தான்.

அவன் முடி சரிந்து ஊசிக் கையில் பட்டது. ஊசி துள்ளி, நாலைந்து கோடு தாண்டி உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

ரெக்கார்டில் கீறல் இல்லை. ஆனால் கேசட்டில் குரல் பாதியில் அறுந்திருக்கும். திரும்ப ஏற்ற நேரம் வேண்டும். அதற்குள் மார்க்கிரட் வாசலில் நின்று, “முடிஞ்சுதா? எனக்கு பஸ் இருக்கு” என்றாள். கன்னையா கையை நீட்டினார். ராதாகிருஷ்ணன் கேசட்டை எடுத்துக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூரில் ரெக்கார்டு கடை கடையாக ஏறி இறங்கினான். அந்த நாலு பேர் கூட்டம் பின்னால் போட்ட ரெக்கார்டெல்லாம் கிடைத்தது. “முதல் எல்பியா? எங்க தேடினாலும் கிடைக்காது பாஸ்” என்றார்கள். பின்னால் வந்த பாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடு அவற்றில் இல்லை.

ஒரு மாதம் கழித்து மார்க்கிரட் காலி கேசட் வாங்க வந்தாள். இவனைக் கண்டதும் நேராக உள்ளே வந்துவிட்டாள்.

“ரெண்டாம் பக்கம், மூண்டாவது பாட்டு. அவர் தனியப் பாடிக்கொண்டே போறார். சட்டெண்டு நிக்குது. பிறகு வேற எங்கேயோ இருந்து பாட்டு வருது. நாள் முழுக்க லைன் கட்டாகிறதக் கேக்கிறவள் நான். இது அப்படியில்ல. ஏதோ சொல்ல வந்து விழுங்கினமாதிரி. அந்த இடத்துக்காகவே திருப்பித் திருப்பிப் போடுறன். நீங்களும் கவனிச்சனீங்களா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தான். “கவனிச்சேன்” என்றான். பொய் இல்லைதான்.

“அண்ணாவுக்கு எழுதப் போறன்.”

அவள் மூன்றாம் முறை வந்தது வைகாசியில், கன்னையா சாப்பிடப் போயிருந்த ஒரு மதியத்தில். ஒரு கையில் அந்த ரெக்கார்டு, மறுகையில் தடித்த வான்தபால் கவர்.

“மூண்டு பக்கம்!” என்றாள் மூச்சு வாங்க. “மூண்டு வருசத்தில முதல் கடிதம். என்னோட சண்டை பிடிக்கிறார்! அப்படி ஒரு இடமே அந்தப் பாட்டில இல்லையாம். சிநேகிதரிட்ட இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தவராம். ஃபோன் கேட்டுக் கேட்டு உன்ட காது செத்துப்போச்சு எண்டு எழுதியிருக்கிறார். சின்னனில மாம்பழத்துக்குச் சண்டை பிடிச்சமாதிரியே.” கடைசிப் பக்கத்தைப் பிரித்து, விரல் வைத்து வாசித்தாள். “‘நான் அனுப்பின ரெக்கார்டில் அது இருக்குமானால், நானே வந்து கேட்கிறேன்.’ பகிடிக்குத்தான். ஆனா அம்மா நேற்றே அவரிட அறை யன்னல் திரையைக் கழட்டித் தோய்ச்சுப் போட்டுட்டா.”

ராதாகிருஷ்ணன் நெற்றி முடியை ஒதுக்கினான். சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

“கேசட்ல சில நேரம்…” என்று தொடங்கினான்.

“அதையும்தான் எழுதியிருக்கிறார். கேசட்டை நம்பாத, ரெக்கார்டைப் போட்டுக் கேள் எண்டு. அதுக்குத்தான் கொண்டு வந்தனான்.”

உறையிலிருந்து அதை உருவி, இரண்டு உள்ளங்கையிலும் விளிம்பைப் பிடித்து அவனிடம் நீட்டினாள். நான்கு மாதமாக அவன் எந்தக் கடையிலும் கண்டுபிடிக்க முடியாத கறுப்பு வட்டம், அறுபடாத அந்தக் குரலோடு, ஒரு முழம் தூரத்தில் இருந்தது. வாசலில் ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் பாட்டு முடிந்தது. அடுத்ததைப் போட வேண்டியவன் அவன்தான். ரெக்கார்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கன்னையா பயந்த அந்த அமைதி கடை முழுக்க வந்து நின்றது. தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போவதுகூடக் கேட்டது.

மார்க்கிரட் வாசல் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதிலயே போடுங்கோ. ரெண்டாம் பக்கம், மூண்டாவது பாட்டு மட்டும். நல்லாச் சத்தமா. நீங்களும் நானும் சேர்ந்து கேப்பம். நீங்களும் கேட்டனீங்கள் எண்டு சாட்சிக்கு உங்கட பேரையும் எழுதவேணும். ஒருக்காப் போடுங்கோவன்.”