ஆஸ்பத்திரி வாசல் நிறுத்தம்

இணை அமைச்சர் என்றால் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்துத் துறைக்கு ஒரு பெரிய அமைச்சர். அவருக்குக் கீழே இரண்டு இணை அமைச்சர்கள். ஒருவருக்குச் சாலை, இன்னொருவருக்குப் பேருந்து. அப்படியானால் பேருந்து நிறுத்தம் யாருடையது? கம்பம் சாலைக்காரருடையது. அதனருகே வண்டி நிற்பது பேருந்துக்காரருடைய பொறுப்பு.

நம்மவர் பேருந்துக்காரர். பதவியேற்று நாற்பது நாள்தான் ஆகிறது.

பால வேலைக்காக ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கம்பத்தைப் பிடுங்கியிருந்தார்கள். வேலை முடிந்தும் கம்பம் திரும்பவில்லை. அவருடைய அக்கா வாரம் மூன்று நாள் அங்கே டயாலிசிஸ் முடித்துவிட்டு, அடுத்த நிறுத்தம் வரை அரை கிலோமீட்டர் தள்ளாடி நடக்கிறாள். போன வாரம் பாதி வழியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கார் அனுப்புறேன்க்கா."

"எனக்கு அனுப்புவ. என்கூட வர்ற ஏழு பேருக்கு? ஒரு கம்பத்தை நட முடியல, நீயெல்லாம் ஒரு மந்திரி!"

அவர் சும்மா இருக்கவில்லை. சாலைப் பிரிவுக்குக் கோப்பு அனுப்பினார். 'பேருந்து நிற்கும் என உத்தரவானபின் கம்பம் நடப்படும்' என்று திரும்பி வந்தது. அவருடைய சொந்தப் பிரிவோ, 'கம்பம் நடப்பட்டபின் பேருந்து நிற்கும்' என்று எழுதியது. இரண்டையும் மாறி மாறிப் படித்தார். இரண்டுமே சரியாகத்தான் தோன்றின.

அந்த வாரமே சபையில் ஓர் உறுப்பினர் அதே நிறுத்தத்தைப் பற்றிக் கேட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்ததை இவர் வாசித்தார்.

"எப்பங்க முடியும் அந்தப் பரிசீலனை?"

அதற்குக் காகிதத்தில் பதில் இல்லை. "பதினஞ்சு நாள்ல கம்பம் வந்துடும்" என்றார், வாய்க்கு வந்தபடி.

வெளியே வந்ததும் உதவியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, சபையில சொன்னா அது உறுதிமொழி. குறிச்சு வெச்சுக்கிட்டு நிறைவேத்துற வரைக்கும் துரத்துறதுக்குன்னே ஒரு குழு இருக்கு."

"நான் கையெழுத்துப் போட்டா நகராதது, உளறினா நகருமா?"

"நகரும் ஐயா."

பதினான்காம் நாள் கம்பம் நடப்பட்டது. மறுநாள் மதியம் அக்காவின் தொலைபேசி.

"கம்பம் வந்துடுச்சுடா. ரெண்டு பஸ்ஸும் வந்துச்சு. நிக்காம போயிடுச்சு. எட்டு பேரும் கையக் காட்டிக்கிட்டே நிக்கிறோம்."

உதவியாளரைக் கூப்பிட்டார். "இப்ப யாரு தடுக்கிறாங்க?"

"யாரும் இல்லீங்க. கம்பம்னுதானே சபையில சொன்னீங்க? வண்டி நிக்க தனியா உத்தரவு வேணும்."

"சரி, யாருக்கு எழுதணும்? சாலைக்கா, பெரியவருக்கா?"

"ஒருத்தருக்கும் வேணாம் ஐயா. அது உங்க அதிகாரம். நீங்க போட்டா போதும்."

உதவியாளர் உத்தரவுத் தாளை நீட்டினார். அமைச்சர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"நிச்சயமாவா? வேற யாரையும் கேக்க வேணாமா?"

"வேணாங்க."

கையெழுத்திட்டார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தார். வெறுமையாக இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டார்.

"நாளையிலேர்ந்து நிக்கும்க்கா... அப்படித்தான் சொல்றாங்க."

"யாருடா சொல்றாங்க?"

தாளை மறுபடி திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நான்தான்னு நினைக்கிறேன்."