முப்பத்தோராம் தேதிக்கான ஜெபக்குறிப்பு

இரும்பு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, முந்திரி மரக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட ஒரு முழத் தண்டவாளத் துண்டு, அடித்த அடியின் ரீங்காரம் முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்த அடி விழ வேண்டும், காலை ஐந்து மணிக்கு ஐந்து அடி, நான் பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இருபத்திரண்டு வயது, இல்லை, முப்பத்தெட்டு, இந்தச் சத்தத்துக்கு மட்டும் வயது தெரிவதில்லை, கேட்டதும் கை தானாகப் பாயைச் சுருட்டத் தொடங்கிவிடும். மிஷனெரிப் பயிற்சி நிலையத்தில் அப்போது நாங்கள் பதினாறு பேர், அதில் ஏழு பெண்கள், ஐந்தரைக்குத் தனி ஜெபம், ஆறு மணிக்குக் கிணற்றில் நீர் இறைப்பு, பிறகு முறை வைத்துக் கக்கூஸ் கழுவுவது, காணத் துவையலோடு கஞ்சி, எட்டு மணிக்கு இந்தி வகுப்பு, பகலெல்லாம் வேதபாடம், சாயங்காலம் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், நாலு மைல் நடை, வடக்கே பணித்தளத்தில் ஊர் ஊராக நடக்க வேண்டுமே, அதற்குப் பழக்கம், குதிகால் வெடித்து ரத்தம் வரும், ஆனாலும் முறுமுறுக்கக் கூடாது, வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலருக்கு என்ன ஆயிற்று என்று உடனே யாராவது கேட்பார்கள், அவர்களுக்காவது தின்ன வானத்திலிருந்து மன்னா கிடைத்தது என்று ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டு மூன்று நாள் எல்லோருடைய பாத்திரத்தையும் நான் துலக்கினேன். சந்தோஷமாகத்தான் துலக்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும், உள்ளதை விட்டு இல்லாததை எழுதிப் பட்டது போதும்.

எங்களுக்கு எல்லாமே ஞானாபரணம் அண்ணன்தான், நிலையத்தின் இயக்குநர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு சிவப்பு மசிப் பேனா, அந்தப் பேனா எங்கள் ஜெபக் கடிதங்களுக்காக. மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், எங்களைத் தாங்கும் சபைகள் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று, அவை இயக்கத்தின் மாதப் பத்திரிகையில் தேதிவாரியாக அச்சாகும், நாளுக்கு ஒரு குறிப்பு, எத்தனையோ வீடுகளில் குடும்ப ஜெபத்தில் அதை வாசித்து முழங்காலில் நிற்பார்கள், அதனால் அதை எப்படி எழுதுவது என்பதே எங்களுக்கு ஒரு பாடம். பெண்கள் விடுதி ஒழுகியபோது, கூரைக்காக ஜெபியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன், அண்ணன் அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, புதுக் கூரைக்காக ஸ்தோத்திரம் என்று, கிடைத்துவிட்டதற்கு நன்றி சொல்வதுபோல, மேலே எழுதினார், எங்கண்ணே கூரை, இன்னும் ஒழுகிட்டுல்லா இருக்கு என்றேன், கண்ணால கண்ட பொறவு எழுதுததுக்கு விசுவாசம் எதுக்கு தங்கச்சி, அத பேப்பர்காரனே எழுதுவான், நாம கேட்டாச்சுன்னா கெடைச்சாச்சு, கெடைச்சுட்டுன்னே எழுதணும், சந்தேகமா எழுதுனா கர்த்தர் கையைக் கட்டிப் போட்ட மாதிரி என்றார். மூன்றாம் வாரம் தூத்துக்குடியிலிருந்து ஒரு லாரி வந்து தகரங்களை இறக்கிவிட்டுப் போனது, அனுப்பியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை, புதுத் தகரத்தில் முதல் மழை விழுந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நாங்கள் ஏழு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம், அன்றைக்குப் பிறகு என் கடிதம் எதிலும் சிவப்பு மசி விழுந்ததில்லை, கையெழுத்தும் அழகு, அதில் எனக்குப் பெருமை, கொஞ்சநஞ்சப் பெருமையா.

என் வீட்டுக்காரர் செல்வினும் என்னோடு பயின்றவர்தான், இயக்கமே பேசி முடித்த கல்யாணம், கல்யாணமான இரண்டாம் மாதம் ஜார்க்கண்டில் ஒரு சந்தால் பழங்குடிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள், தார் ரோட்டிலிருந்து ஒன்பது மைல் ஏற்றம், போன் கிடையாது, கரண்டு கிடையாது, இவர் மருந்துப் பெட்டியும் வேதாகமமுமாக மலையைச் சுற்றிக்கொண்டிருப்பார், நான் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன், அவர்கள் எனக்குச் சந்தாலி சொல்லிக்கொடுத்தார்கள், மூங்கில் குருத்தைப் பக்குவமாகச் சமைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், அங்கேதான் எப்சிபா பிறந்தாள், எங்கள் எப்சி, மூன்று வயதுக்குள் வீட்டில் தமிழிலும் வெளியே சந்தாலியிலும் சண்டை போடுவாள், ஊரில் யாருக்கும் பயப்பட மாட்டாள், என் அம்மா வாங்கிக் கொடுத்த குக்கருக்கு மட்டும்தான் பயம், விசில் வந்ததும் எங்கிருந்தாலும் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள், போயிட்டாம்மா, பேய் போயிட்டா, என்று உள்ளேயிருந்தே கேட்பாள். அந்த ஆடி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் பெட்டியிலிருந்த மாத்திரையெல்லாம் தீர்ந்துவிட்டது, நாலாம் நாள் கழுத்தை வளைக்க முடியவில்லை, நூற்று நான்கு டிகிரி, திங்கட்கிழமை சோம் முர்மு, எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வருகிற பெரியவர், கீழே தலைமை முகாமுக்குச் சீட்டுக் கொண்டுபோனார், வியாழக்கிழமை ஜீப் மேலே வரும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று பதில் வந்தது, செவ்வாய்க்கிழமை அவர் மறுபடியும் இறங்க வேண்டும், ஏனென்றால் அன்றுதான் மாதத்து ஜெபக் கடிதம் முகாமுக்குப் போய்ச் சேர வேண்டிய கெடு. எப்சியின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே எழுதுகிறேன், எப்சிபாவுக்குக் கடுமையான காய்ச்சல், ஜெபியுங்கள் என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது, கண்ணுக்குள் சிவப்பு மசி தெரிகிறது, இந்த வரியினாலேயே கர்த்தர் கை கட்டப்பட்டு இவள் சுகமாகாமல் போய்விட்டால் என்ற பயம், ஆம், விசுவாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம்தான், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில், மகள் எப்சிபாவைக் கர்த்தர் பூரண சுகமாக்கினார், ஸ்தோத்திரம் என்று எழுதினேன், எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை, இவர் வாங்கி வாசித்துவிட்டு ஆமென் என்றார், சோம் முர்மு அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

வியாழக்கிழமை ஜீப் வரவில்லை, காலையிலிருந்து இருட்டுகிறவரை வாசலில் நின்று பள்ளத்தாக்கில் ஹாரன் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன், மழை குறுக்கிட்டிருக்கும் என்றார் இவர், வெள்ளிக்கிழமையும் வரவில்லை, எப்சி வலிப்பு வந்து இழுத்துக்கொண்டபோது ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றுதான் என் வாயில் வந்தது, வேறு எதுவும் வரவில்லை, சனிக்கிழமை விடிந்ததும் சோம் முர்மு அவளை முதுகில் கட்டிக்கொண்டு ஒன்பது மைலும் இறங்கினார், அங்கிருந்து ஒரு நிலக்கரி லாரி, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூளைக் காய்ச்சல் என்றார்கள், ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா என்று தொடங்கியவர்கள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். முகாம் பொறுப்பாளர் தியோடர் பிரதர் திங்கட்கிழமை ஓடிவந்தார், கையில் என் கடிதம், மடித்த மடிப்புக் கலையாமல், நீங்கதானே சிஸ்டர் எழுதியிருந்தீங்க, பூரண சுகம்னு, அத வாசிச்சு ஸ்தோத்திரம் பண்ணிட்டுத்தான் ஜீப்பை ஸ்டேஷனுக்கு அனுப்புனேன், பணித்தளம் பார்க்கணும்னு மெட்ராஸ்ல இருந்து எட்டுப் பேர் வந்திருந்தாங்க என்றார், நீங்களும் அந்தச் சிவப்புப் பேனாகிட்டப் படிச்சவர்தானே பிரதர், இப்படித்தான் எழுதுவோம்னு உங்களுக்குத் தெரியாதா என்றேன், அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார், கூரைன்னா தெரியும் சிஸ்டர், பிள்ளைக்கு அப்படி எழுதுவீங்கன்னு தெரியாது என்றார். அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

எப்சி பிழைத்துக்கொண்டாள், அதற்கு நான் ஸ்தோத்திரம் சொல்லாமலில்லை, மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம், இளைத்துப்போய்ப் பேசாமல் இருந்தாள், ஆஸ்பத்திரி மிரட்சி என்று நினைத்தோம், அன்றைக்கு ஸ்டவ்வில் குக்கர், பக்கத்திலேயே அவள் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள், முதல் விசில் வந்தது, நான் வழக்கம்போலக் காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றேன், இரண்டாவது விசில், மூன்றாவது, அவள் ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள், இங்க பாரு, பிள்ளை பெரிசாயிட்டா, பயம் போயிட்டு என்று இவர் சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் இன்றைக்குவரை மன்னிக்கவில்லை, பாவம், அவருக்கு அது தெரியாது. அடுத்த மாதம் பத்திரிகை வந்தது, பதினெட்டாம் தேதிக்கு எதிரே என் வரி, ஓர் எழுத்துக்கூட மாறாமல், கோயம்புத்தூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வாழ்த்துக் கடிதங்கள், உங்கள் பிள்ளையின் சாட்சியால் எங்கள் வீட்டில் விசுவாசம் பெருகியது என்று, ஒவ்வொன்றையும் இவர் சத்தமாக வாசித்தார், எப்சி அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளிடமிருந்த இரண்டு பாஷையும் ஒரு வருடத்துக்குள் ஒவ்வொரு வார்த்தையாக உதிர்ந்துவிட்டது, கடைசியாகப் போனது அம்மா.

ஊருக்குத் திரும்பி ஞானாபரணம் அண்ணன் முன்னால் நின்றேன், ஒரே ஒரு வரி திருத்திப் போடுங்கண்ணே, பிள்ளைக்குக் காது கேக்கலன்னு, அது போதும் என்றேன், அவர் கண் கலங்கித்தான் இருந்தது, கல்நெஞ்சுக்காரர் இல்லை, எத்தனை வீட்டுல அத வாசிச்சு எழும்பி நிக்கான், அவன்கிட்டப் போயி அது நடக்கலன்னு சொல்லச் சொல்லுதியே தங்கச்சி, பிள்ளை உயிரோட இருக்காளா இல்லியா, அது சுகம் இல்லியா, காதும் தொறக்கும், அதையும் இப்பமே ஸ்தோத்திரமா எழுதிக் குடு என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை, எங்கே போவது, இவருக்கு நிலையத்திலேயே ஆசிரியர் வேலை, இரண்டு அறை வீடு, எப்சிக்குப் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்கூடம், எனக்குக் கையெழுத்து அழகாக இருந்ததனால் பத்திரிகைக்கு ஜெபக்குறிப்புகளைப் படியெடுத்து அச்சகத்துக்கு அனுப்பும் வேலை, எட்டு வருடமாக மாதம் முப்பது பேருடைய சுகங்களையும் கூரைகளையும் நான்தான் படியெடுக்கிறேன், எது நடந்தது, எது நடக்கப்போவது என்று எனக்குத் தெரியாது, கேட்டதுமில்லை, என் பிள்ளையின் காதைத் தின்ற அதே வேலைக்கு நான் கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஜெனிலா வந்தாள், புதிதாகச் சேர்ந்திருக்கும் மார்த்தாண்டத்துப் பெண், கையில் அவளுடைய முதல் ஜெபக் கடிதம், அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, இன்னும் குணமாகவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள், அதன்மேல் சிவப்பு மசி, இத்தனை வருடத்தில் அந்தக் கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது, கோடு மட்டும் தப்பவில்லை, அண்ணன் உங்ககிட்டக் கேட்டு மாத்தி எழுதச் சொல்லியாச்சுக்கா, அப்பாவுக்குச் சொகமாவல்லியே, சொகமாச்சுன்னு நான் எப்பிடி எழுதுவேன் என்றாள், அடுத்த மாதம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப்போவதாக இருந்தாராம், நல்லா ஆயாச்சுன்னு எங்கூட்டுல வாசிச்சா டிக்கெட்டை ரத்து பண்ணிருவினும் என்றாள், அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், நான் அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். எழுதாத, நீ முதல்ல எழுதினதுதான் சரி, அதுவே போகும் என்றேன், ஞானாபரணம் அண்ணன் கேட்டா என்றாள், என்னைக் கேக்கச் சொல்லு என்றேன். அடுத்த மாதத்துக்கு முப்பத்தொரு நாள், முப்பத்தோராம் தேதியை எப்போதும் அண்ணன் தலைமை அலுவலகத் தேவைகளுக்கென்று விட்டுவைப்பார், அச்சுக்குப் போகுமுன் அவர் பார்ப்பதில்லை, என்னை நம்புகிறார், ஜெனிலாவின் கடிதத்தைச் சிவப்பு மசியில்லாமல் படியெடுத்துவிட்டு, முப்பத்தொன்றுக்கு எதிரே எழுதினேன், எப்சிபாவுக்குக் காது கேட்காது, ஒன்பது வருடமாகிறது, அவள் பூரண சுகமானாள் என்று இதே பத்திரிகையில் எழுதியது நான், எழுதியபோது அவளுக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல், இதை வாசிக்கிறவர்கள் மன்னிக்கும்படி ஜெபிக்கவும். கவரை ஒட்டி நானே பஸ்ஸில் போய் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன், இவருக்குக் காலையில்தான் சொல்ல வேண்டும், வீடு போகும், வேலை போகும், அது தெரிந்துதான் கொடுத்தேன்.

இரும்பு ஆடுகிறது, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், காலாண்டு லீவு, லீவு நாட்களில் மணி எப்சியுடையது, கிட்ட நின்று அடித்தால் காது வலிக்கிறது என்று பயிற்சிக்கு வந்தவர்கள் சொன்னபோது, எப்சி அடிக்கட்டும், அவளுக்குத்தான் வலிக்காது என்று சொன்னவர் அண்ணன்தான், பிரியமாகத்தான் சொன்னார், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு கையில் கம்பியும் மறு கையைத் தண்டவாளத்தின்மேல் விரித்தும் நிற்கிறாள், அடிக்கிறாள், உள்ளங்கையில் அதிர்வு அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள், அடங்கியதும் அடுத்த அடி, யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஐந்தாவது அடி, விடுதியில் விளக்குகள் எரிகின்றன, ஜெனிலாவின் அறையிலும் எரிகிறது, எப்சி திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறாள், கேட்டதா என்று தினமும் கேட்பாள், நான் உடனே பதில் சொல்லவில்லை, கடைசி ரீங்காரம் தேரிக்குள் போய் முழுக்க அடங்கட்டும் என்று நிற்கிறேன், அடங்கிய பிறகு, கேட்டது என்று தலையாட்டினேன்.